எமர்ஜென்சியில் எந்த டாக்டர் இருக்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: அப்பாவுக்கு நெஞ்சு வலி. இதய மருத்துவர் வராமல் எமர்ஜென்சி டாக்டர்தான் முதலில் பார்த்தார். இது சரியா? (கடலூர் முதுநகர்)

சரிதான். நெஞ்சு வலி எல்லாமே மாரடைப்பு இல்லை. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்திருக்கலாம். மகாதமனி கிழிந்தவருக்கு மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் காப்பாற்றி, அப்புறம் காரணத்தைத் தேடுவதற்கென்றே எம்.பி.பி.எஸ். முடித்து 3 ஆண்டு படித்தவர் எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் டாக்டர். இந்தியாவில் இது தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். அதனால்தான் பலருக்கு இன்னும் பழக்கமாகவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தார்களா என்பதை. அதில் மாரடைப்பு தெரிந்தால், அடுத்த நிமிடமே இதய மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கே: எங்கள் பக்கத்து மருத்துவமனையில் ராத்திரியில் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் மட்டும்தான். முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தால் அங்கே போகலாமா? (பண்ருட்டி)

விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். இருந்தால் போகலாம். விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறதா என்று அறிய, கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பதற்கும், மருந்தைத் தொடங்குவதற்கும், ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் போடுவதற்கும் பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர் போதும். நிபுணர் வரட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. ஆனால் இமை சரிந்து, பேச்சு குழறினால் அடுத்து மூச்சு நிற்கக்கூடும். தொண்டையில் குழாய் இறக்கத் தெரிந்தவரும் வென்டிலேட்டரும் வேண்டும். மருந்தைத் தொடங்கிவிட்டு, 108-இல் ஏற்றி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனைத் தனியாக விட்டுவிட்டு சீனியர் வீட்டில் இருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

கே: எங்களுக்குப் பின்னால் வந்தவரை நர்ஸ் முதலில் உள்ளே அனுப்பினார். (வில்லியனூர்)

அவர் செய்தது சரி. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று உயிராபத்தைப் பார்த்துப் பிரிப்பதுதான் முறை. அனுபவமுள்ள நர்ஸ் இதை ஒரு நிமிடத்தில் கணித்துவிடுவார். அங்கே வரிசை கிடையாது.

கே: மகள் எம்.பி.பி.எஸ். முடிக்கப் போகிறாள். இந்தத் துறைக்கு வரலாமா? (நெய்வேலி)

தாராளமாக. எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் படிக்கலாம். நம் பக்கத்தில் ஜிப்மரிலேயே எம்.டி. இருக்கிறது, நுழைவு ஐ.என்.ஐ.-சி.ஈ.டி. (எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றுக்கான பொது நுழைவுத் தேர்வு) வழியாக. அதற்கு முன் 6 மாதமாவது ஒரு கேஷுவால்டியில் ராத்திரி டியூட்டி பார்க்கச் சொல்லுங்கள்.