இருமலே இல்லை, ஆனாலும் டிபியா? தென்னாப்பிரிக்க வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்தவற்றில் நுரையீரலைத் தாண்டி வேறு இடத்தில் வரும் டிபி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். சளி, இருமல் கேள்விகள் அடுத்த முறை.

அம்மாவுக்கு 58 வயது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, ரத்தத்தில் கேன்சருக்காகப் பார்க்கும் சிஏ-125 ரொம்ப அதிகம். கர்ப்பப்பை பக்கம் கேன்சர் இருக்கலாம் என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, டாக்டர். (சாட்ஸ்வர்த்)

சிஏ-125 கேன்சரில் மட்டும் ஏறுவதில்லை. வயிற்றின் உள்ளுறை புண்பட்டாலே ஏறும், வயிற்று டிபியில் நூற்றுக்கணக்கில் போவதுண்டு. ஸ்கேனிலும் இரண்டும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும், அதனால் இங்கே உட்கார்ந்துகொண்டு ‘கேன்சர் இல்லை, பயப்படாதீர்கள்’ என்று நான் சொன்னால் அது பொய். முதலில் நீரை எடுத்து கேன்சர் செல், ஏடிஏ (டிபியில் அந்த நீரில் ஏறும் ஒரு என்சைம்) இரண்டும் பார்க்கட்டும். அதில் தெளிவாகாவிட்டால் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) சதைத்துண்டு எடுக்க வேண்டிவரும். அங்கேதான் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: ஆபரேஷன் தியேட்டரில் ஃபார்மலின் (சதைத்துண்டைக் கெடாமல் வைக்கும் திரவம்) டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், எடுத்த துண்டெல்லாம் பழக்கதோஷத்தில் அதற்குள்ளேயே போய்விடும். ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சர் வைக்க, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்க, வழியே இல்லை. ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு வெறும் சலைனில் (உப்புநீரில்) டிபி லேபுக்கு என்று சர்ஜனிடம் முதல் நாளே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தம்பிக்குக் கழுத்தில் இரண்டு கட்டி, வலியில்லை. சளியில் ஜீன்எக்ஸ்பெர்ட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) நெகட்டிவ். அப்படியென்றால் டிபி இல்லைதானே? (ஃபீனிக்ஸ்)

அப்படிச் சொல்லிவிட முடியாது. கட்டி கழுத்தில் இருக்க, சளியைச் சோதித்து என்ன தெரியும்? கட்டியிலேயே சிறு ஊசி வைத்து உறிஞ்சி, அதை ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் ஸ்லைடுக்கும் அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. கூடவே எச்ஐவி டெஸ்ட். இந்த நாட்டில் டிபி சந்தேகம் வந்த யாருக்கும் அது வழக்கமான டெஸ்ட், தம்பியை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஊசியில் எதுவும் தெரியாவிட்டால் லிம்போமாவாகவும் (நெறிக்கட்டிகளில் வரும் கேன்சர்) இருக்கலாம் என்பதால் ஒரு கட்டியை முழுசாகவே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ‘வீக்கம் குறையட்டும்’ என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். லிம்போமா அதில் தற்காலிகமாகச் சுருங்கிவிடும், பிறகு பயாப்ஸியில் (சதைத்துண்டுப் பரிசோதனை) பிடிபடாமலும் போகலாம்.

(நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை.)

எனக்குக் குடலில் கிரோன்ஸ் (நாள்பட்ட குடல் அழற்சி நோய்) என்கிறார் ஒரு டாக்டர், டிபி என்கிறார் இன்னொருவர். (லெனேசியா)

இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் இரண்டு நோய்க்குமே பிடித்தமான இடம், புண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பயாப்ஸியில் கட்டிப்பட்ட தயிர் மாதிரி செத்துப்போன திசு தெரிந்தால் டிபி பக்கம் சாயலாம், தெரியாவிட்டால் டிபி இல்லை என்று அர்த்தமில்லை. கிரோன்ஸ் மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது, உள்ளே டிபி இருந்தால் அது உடம்பெல்லாம் பரவலாம். அதனால்தான் பல இடங்களில், தீர்மானிக்கவே முடியாதபோது டிபி மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என் ஓட்டும் அதற்குத்தான்.

மூன்று மாதமாக முதுகுவலி, தோலில் போட்ட டிபி டெஸ்ட் பாசிட்டிவ். முதுகெலும்பு டிபி உறுதியா? (டோங்காட்)

உறுதியில்லை. அந்த டெஸ்ட் கிருமி என்றோ உடம்புக்குள் வந்ததைத்தான் காட்டும், இன்றைய வலிக்குக் காரணம் அதுதான் என்று காட்டாது. எம்ஆர்ஐ எடுங்கள். பொதுவாக டிபி இரண்டு எலும்பையும் நடுவிலிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே அரிக்கும், பரவிய கேன்சர் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவிடும். கால் மரத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே கேஷுவல்ட்டிக்குப் போங்கள்.

மருந்து ஆரம்பித்து ஆறு வாரம், கட்டி பெரிசாகிறது! (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சிலருக்கு அப்படி ஆவதுண்டு. எச்ஐவி மருந்தும் புதிதாக ஆரம்பித்திருந்தால் இன்னும் அதிகம். மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் முதல் ரிப்போர்ட்டில் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்து வேலை செய்யும் என்று இருந்ததா, ஊசிப் பரிசோதனையில் கிருமி உண்மையிலேயே கிடைத்ததா என்று கிளினிக்கில் கேளுங்கள். கிருமி கிடைக்காமலேயே தொடங்கிய மருந்து என்றால் மறுபடி பயாப்ஸி.