விமானச் சிமுலேட்டர் திக்காமல் ஓட எந்தக் கணினி? கேள்வி பதில்

பம்பலப்பிட்டியில் கணினி பூட்டிக் கொடுப்பது என் தொழில். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்தான். இரண்டும் தெரியும் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் விட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரோடு இருப்பது கேட்பவர் எழுதியது, பெயர் இல்லாமல் இருப்பது என் பதில். கேட்பவர்கள் எந்த சிமுலேட்டர், என்ன மொனிட்டர், இப்போது இருக்கும் புரொசசரும் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்ட்டும் எவை என்று சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் "எது நல்லது" என்பதற்குப் பதில் இல்லை.

வெள்ளவத்தை: அண்ணா, என்னிடம் ரைசன் 5 3600, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 1080 மொனிட்டர். மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020. நுவரெலியா மலைப்பக்கம் சின்ன செஸ்னா விமானத்தில் போனால் நொடிக்கு 50 ஃப்ரேம் (படம்) வருகிறது. பெரிய ஏர்பஸ்ஸில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் போனால் 25க்கு இறங்கி, திக்கித் திக்கி ஓடுகிறது. கடையில் ஆர்டிஎக்ஸ் 4070 கார்ட் போடச் சொல்கிறார்கள். போடவா?

போடாதீர்கள் தம்பி. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை.

செட்டிங்ஸில் டெவலப்பர் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் மேலே ஒரு மெனு வரும். அதில் ஃப்ரேம் காட்டும் பெட்டியைத் திறந்து வையுங்கள். இப்போது ஹீத்ரோவில் ஏர்பஸ்ஸை நிறுத்தி, கொக்பிட்டில் இருந்தபடி அந்தப் பெட்டியைப் பாருங்கள். "லிமிடட் பை மெயின் த்ரெட்" என்றோ "லிமிடட் பை ஜிபியு" என்றோ எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பாமல் ரெண்டர் ஸ்கேலிங்கை, அதாவது கார்ட் எவ்வளவு நுணுக்கமாக வரைய வேண்டும் என்ற அளவை, 100 இலிருந்து 50க்குக் குறையுங்கள். படம் மங்கும். ஃப்ரேம் எண் 25 இலேயே நின்றால் உங்கள் கார்ட் ஏற்கெனவே சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. புதுக் கார்ட் போட்டாலும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

காரணம் இதுதான். விமானத்தின் உள் அமைப்புகள், சுற்றிவர ஓடும் மற்ற விமானங்கள், நிலக்காட்சியில் எதை வரைவது என்ற கணக்கு எல்லாவற்றிலும் பெரும்பகுதி மெயின் த்ரெட்டில் நடக்கிறது. அது புரொசசரின் ஒரு கோரில் ஓடுவது. 16 கோர் வாங்கினாலும் அந்த ஒன்று வேகமாக இல்லையென்றால் பயனில்லை. மலைக்கு மேல் செஸ்னாவில் அந்தச் சுமை குறைவு. ஹீத்ரோவில் ஏர்பஸ் என்றால் உச்சம்.

இந்த வேலைக்குப் புரொசசரின் எல்3 கேஷ் (அதற்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) பெரிதாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 5800எக்ஸ்ஸில் அது 32 எம்பி. 5800எக்ஸ்3டியில் 96 எம்பி. தேவையான தரவு பக்கத்திலேயே இருப்பதால் ராம் வரை போய் வரும் நேரம் மிச்சம். உங்களுடையது ஏஎம்4 வகை மதர்போர்ட். போர்ட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தால் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி பெரும்பாலும் அதிலேயே ஏறும். போர்ட் கம்பனியின் பக்கத்தில் உங்கள் மொடலுக்கான புரொசசர் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடவே ராமை 32 ஆக்குங்கள்.

அதற்கும் முன்னால் டெரெய்ன் லெவல் ஒஃப் டீடெய்ல் (நிலக்காட்சியை எவ்வளவு விபரமாக வரைவது என்ற அளவு) எதில் இருக்கிறது என்று பாருங்கள். 200 இல் வைத்திருந்தால் 100க்கு இறக்குங்கள். விமான நிலைய வாகனங்கள், தரையில் நிற்கும் விமானங்கள் எல்லாவற்றையும் குறையுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

கொட்டாஞ்சேனை: புது மெஷின், ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, 1440 மொனிட்டர். எல்லாம் முதலிலிருந்து வாங்க வேண்டும்.

ரைசன் 7 7800எக்ஸ்3டி. காசு இருந்தால் 9800எக்ஸ்3டி. ராம் டிடிஆர்5 6000, இரண்டு 16 ஜிபி குச்சிகள். நாலு குச்சி போடாதீர்கள், ஏஎம்5 போர்ட்டில் நாலு போட்டால் வேகத்தை இறக்க வேண்டிவரும். 2024க்கு மைக்ரோசொஃப்ட்டே ராம் குறைந்தது 16 ஜிபி, பரிந்துரை 32, உச்சத்துக்கு 64 என்றுதான் சொல்கிறது. கார்ட்டில் வி-ராம் (கார்ட்டின் சொந்த நினைவகம்) 12 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 16 நல்லது.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் பயோஸில் எக்ஸ்போ, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் அமைப்பு, போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் பெரும்பாலும் 4800 இல் ஓடும். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். காஸிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைக் கழற்றி வைத்துவிட்டு, நல்லது ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இதை இன்று இன்னும் சில தடவை சொல்வேன்.

தெஹிவளை: லப்டொப்பில் ஓடுமா? 4060 உள்ளது பார்த்து வைத்திருக்கிறேன்.

ஓடும். ஆனால் லப்டொப் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வருகிறது. பெட்டியில் இதை எழுத மாட்டார்கள். அந்த மொடலின் விபரத்தில் கார்ட்டுக்கு எத்தனை வாட் என்று தேடிப் பாருங்கள். 80க்குக் கீழே என்றால் விடுங்கள். வாங்கினால் சார்ஜர் போட்டபடிதான் ஓட வேண்டும், பின்பக்கம் உயர்த்தி வைக்க வேண்டும். ஏசி இல்லாத கொழும்பு அறையில் லப்டொப் சீக்கிரமே சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்குகிறது என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இந்தக் கதைதான்.

மட்டக்குளி: 16 ஜிபி உள்ள கார்ட்டும் அதே பெயரில் 8 ஜிபி உள்ள கார்ட்டும் இருக்கின்றன. விலை வித்தியாசம் நியாயமா?

இந்த விளையாட்டுக்கு நியாயம். வி-ராம் நிரம்பியதும் மிச்சம் சாதாரண ராமுக்கு வழிகிறது. அந்த நிமிடத்திலிருந்து தலையைத் திருப்பினாலே படம் நின்று நின்று வரும். 8 ஏற்கெனவே உள்ளவர்கள் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அளவை ஒரு படி இறக்குங்கள்.

பொரளை: மிக வேகமான ஜென் 5 வகை எஸ்எஸ்டி போட்டால் ஃப்ரேம் கூடுமா?

கூடாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால்தான் பெரிய மாற்றம் தெரியும்.

கல்கிசை: நீங்கள் புரொசசர், புரொசசர் என்கிறீர்கள். என்னிடம் ஐ5 12400, ஆர்டிஎக்ஸ் 4070. ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் ஹீத்ரோவிலும் 80 வருகிறது. காசைக் கார்ட்டில்தான் போட வேண்டும். சனத்தைக் குழப்பாதீர்கள்.

ரத்மலானை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இங்கே விமானம் ஓட்டப் பழகுகிறேன். ஃப்ரேம் ஜெனரேஷனில் 80 என்று காட்டினாலும் இறங்கும்போது ஸ்டிக் பிந்தித்தான் வேலை செய்கிறது. குறுக்குக் காற்றில் மூக்கைத் திருத்தினால், திருத்தியது தெரிவதற்குள் இன்னொரு தடவை திருத்திவிடுகிறேன்.

கல்கிசை: அது உங்கள் ஜொய்ஸ்டிக்கின் பிழையாக இருக்கும். எண் பொய் சொல்லாது.

எண் பொய் சொல்லாது. ஆனால் அது எதன் எண் என்று பார்க்க வேண்டும். ஃப்ரேம் ஜெனரேஷன் செய்வது இதுதான்: உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே இன்னொன்றை ஊகித்துச் செருகுகிறது. நடுவில் செருக வேண்டுமென்றால் இரண்டாவது படம் கையில் இருக்க வேண்டும். ஆகவே அதை உடனே காட்டாமல் சற்றுப் பிடித்து வைக்கிறது. திரையில் 80 ஓடினாலும் உங்கள் ஸ்டிக்குக்குப் பதில் சொல்வது அந்த 40 உண்மைப் படங்கள்தான், அதுவும் கொஞ்சம் பிந்தி. ரத்மலானைத் தம்பி உணர்வது அதைத்தான். ஜொய்ஸ்டிக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கல்கிசைக்காரர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. புரொசசர் திணறும் இடத்தில்கூடப் படத்தை வழுக்கலாக்க ஃப்ரேம் ஜெனரேஷனால் முடியும். 35,000 அடியில் ஓட்டோபைலட்டில் போய்க்கொண்டு யன்னலால் பார்ப்பவருக்கு அது நல்ல வரம். நானும் போடுகிறேன். ஆனால் அது திக்கலை மருந்தாகக் குணப்படுத்தாது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெக்கன்ட், 30 என்றால் 33.3. இடையில் ஒரே ஒரு படம் 100 மில்லிசெக்கன்ட் எடுத்தாலும் சராசரி 60க்குக் கிட்டவே இருக்கும், கண்ணுக்கு மட்டும் வெட்டு விழும். நடுவில் ஊகப் படம் செருகினாலும் அந்த இடைவெளி மறையாது. ஃப்ரேம் எண்ணை விட, ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரம் சீராக இருக்கிறதா என்பதுதான் வழுக்கலுக்கு முக்கியம். அதை முதலில் சீராக்குங்கள், பிறகு ஜெனரேஷன் போடுங்கள்.

மருதானை: அப்படியென்றால் 30 இல் பூட்டி வைத்தால் போதும் என்கிறார்களே?

பயணிகள் விமானத்துக்குப் போதும். சாதாரண 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் 30 என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை காட்டப்படும், சீராக இருக்கும். 45 வந்தால் சில படம் ஒரு தடவை, சில படம் இரண்டு தடவை. எண் கூட, ஓட்டம் மோசம். கார்ட்டின் வேகத்துக்கு ஏற்பத் தானும் மாறும் ஜி-சின்க், ஃப்ரீசின்க் உள்ள மொனிட்டர் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. புதுக் கார்ட்டுக்கு வைத்த காசில் ஒரு பகுதியை அதில் போடலாம்.

கல்கிசை: நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். ஜெனரேஷனை நிறுத்திவிட்டு ஸ்கேலிங் 50 ஆக்கினேன். 38 அப்படியே நிற்கிறது.

அப்போ மெயின் த்ரெட்தான். டெரெய்ன் அளவை 100க்கு இறக்கி, தரை வாகனங்களை நிறுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி: கரண்ட் ஒரு நொடி மங்கினாலே மெஷின் மறுபடி தொடங்குகிறது. யூபிஎஸ் 650 விஏ இருந்தும் அப்படித்தான்.

650 விஏ என்பது 650 வாட் இல்லை. அந்த அளவு யூபிஎஸ் பெரும்பாலும் 360, 390 வாட் வரைதான் தாங்கும். கார்ட்டும் புரொசசரும் முழு வேகத்தில் ஓடும்போது அதைத் தாண்டிவிடும். யூபிஎஸ்ஸில் வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பவர் சப்ளை மலிவானது என்றால் அதையும் மாற்றுங்கள். நல்லது ஒன்று சின்ன மங்கலைத் தானே சமாளிக்கும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் கரண்ட் போனது போன்றது எப்போதாவது நடப்பது. மெஷினைக் கொல்வது நாளாந்தம் வரும் இந்தச் சின்ன மங்கல்கள்தான்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள், அதன் வழியாகவும் வரும்.

காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. போன மாதம் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்த மெஷினில் ராம் குச்சியைக் கழற்றினால், தங்க நிறமாக இருக்க வேண்டிய பற்களில் பச்சை பிடித்திருந்தது. காஸிங் திருகாணியெல்லாம் கறள். திறந்த யன்னலுக்கு நேரே வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்று உள்ளே போகாத மூலையில் வையுங்கள், நாட்கணக்காக ஓடாமல் விடாதீர்கள்.

கிருலப்பனை: 4060 லப்டொப் போதுமா?

தெஹிவளைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

நுகேகொடை: பாவித்த ஐ9 13900கே மலிவாகக் கிடைக்கிறது.

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறையின் வேகமான புரொசசர்களில் நாளடைவில் நிலைகுலையும் கோளாறு இருந்தது. 2024 ஓகஸ்ட்டில் 0x129 என்ற மைக்ரோகோட் (புரொசசரின் உள் நிரல்) மூலம் திருத்தம் வந்தது, அது பயோஸ் வழியாக ஏறும். ஏற்கெனவே கெட்ட புரொசசரை அது திருப்பிக் கொண்டுவராது. முன்னையவர் பயோஸ் புதுப்பித்தாரா என்று நீங்கள் உறுதிப்படுத்த முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

வத்தளை: இன்டர்நெட் எவ்வளவு வேண்டும்?

ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 நிலக்காட்சியை ஓட ஓட இறக்குகிறது. குறைந்தது 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். மாதப் பக்கேஜில் டேட்டா எவ்வளவு என்றும் பாருங்கள், வேகமாகத் தின்னும்.

பாமன்கடை: மக்புக் இருக்கிறது.

எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் ஓடும். மைக்ரோசொஃப்ட்டினுடையது மக்கில் நேரடியாக ஓடாது.

கொம்பனித்தெரு: என்ன கார்ட் நல்லது?

மேலே கேட்ட விபரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

வெள்ளவத்தை (இன்னொருவர்): தம்பி, என் மகனுக்கு 14 வயது. பைலட் ஆக வேண்டும் என்கிறான். மேலே சொன்ன மெஷினெல்லாம் எங்களால் முடியாது. வீட்டில் பழைய ஐ5 பத்தாம் தலைமுறை, 8 ஜிபி ராம், தனிக் கார்ட் இல்லை. என்ன செய்யலாம்?

அக்கா, அந்த மெஷினை எறிய வேண்டாம். இன்னொரு 8 ஜிபி ராம் போடுங்கள், இரண்டு குச்சியாக இருப்பதே நல்லது. எஸ்எஸ்டி இல்லையென்றால் ஒன்று போடுங்கள். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முற்றிலும் இலவசம், தனிக் கார்ட் இல்லாமலும் அமைப்பைக் குறைத்து ஓட்டலாம். முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜொய்ஸ்டிக். கீபோர்ட்டில் பழகினால் கை பிழையாகப் பழகிவிடும். அவனைச் செஸ்னா 172 இல் வட்டம் அடித்து இறங்கப் பழகச் சொல்லுங்கள், ரத்மலானை ஓடுபாதையிலேயே செய்யலாம்.

கார்ட் போடும் காலம் வந்தால் காஸிங்கைத் தூக்கிக்கொண்டு மகனையும் கூட்டிவாருங்கள். பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.