விலை குறைந்த 11 அங்குல மடிக்கணினி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா?

முடியும். ஆனால் என்ன வேலைக்கு என்று சொல்லாமல் முடியும் என்பது பொறுப்பில்லாத பேச்சு. கேட்டவருக்கு எழுத்து வேலை அதிகம், அலைச்சலும் உண்டு, கையில் பணம் குறைவு என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். காணொளி தொகுப்பவர்களும் கணினியில் விளையாடுபவர்களும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். அவர்களுக்கு இது ஆகாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது 11.6 அங்குலத் திரையும், இன்டெல் செலரான் என்4020 செயலியும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பகமும் கொண்ட கருவி. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், உறவினர் வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கும் பழைய கணக்கேடுகளைப் பெயர்த்தெழுதி வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஏட்டை வீட்டுக்கு வெளியே கொடுத்தனுப்ப மாட்டார்கள். அப்படிப் போன சாமான்களில் எத்தனையோ முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைபோனதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆகவே ஏடு இருக்கும் இடத்துக்குக் கணினிதான் போக வேண்டும்.

அந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்றால், படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறப்பவை. மின்சாரம் முகப்போடு நின்றுவிடும்; இரண்டாம் கட்டில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் அது அதிர்ஷ்டம். சுவரின் கனத்தில் கைப்பேசிக்குச் சிக்னலும் எட்டாது என்பதால், இணையம் இருந்தால்தான் உயிர்பெறும் கருவி அங்கே உதவாது. என்4020 செயலியின் வெப்ப வடிவமைப்பு அளவு, அதாவது அது வெளியிடும் சூட்டுக்கான கணக்கு, 6 வாட்தான்; அதனால் என் கணினிக்கு விசிறி இல்லை, வௌவால் புழுதி மண்டிய அறையில் அது தூசியை உள்ளிழுப்பதும் இல்லை. சித்திரை வெயிலில் சூடேறி வேகம் குறையும் என்பது உண்மை. அப்போது வீட்டின் நடுவிலுள்ள வளவுக்கு எடுத்துப்போய், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைத்துவிடுவேன். அடிப்பக்கச் சூட்டைத் தரை வாங்கிக்கொள்ளும். டைப்-சி வழியே மின்னேறும் மாதிரி என்பதால் பவர் பேங்க் ஒன்றும் பையில் இருக்கும்.

சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வந்த அம்மான் மகன், "என்னண்ணே, சிலேட்டு வச்சு எழுதுறீங்க போல?" என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சிரித்தார். இந்தக் கேலி புதிதல்ல. 2007இல் 7 அங்குலத் திரையும் 4 ஜிபி சேமிப்பகமுமாக ஏசஸ் ஈ பிசி வந்தபோதே சிறிய கணினிக்குப் பொம்மை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு விமர்சனக் காணொளி போடுகிறவர்களும் எல்லாக் கணினியையும் விளையாட்டை ஓட்டித்தான் அளக்கிறார்கள். ஒரு நாள் முழுக்கத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு செய்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

என் ஏடுகளில் முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று பின்னக் குறிகள் வரிக்கு வரி வரும். கணினியில் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, 2019இல் வந்த தன் 12.0 பதிப்பில் அவற்றுக்குத் தனி இடங்கள் கொடுத்துவிட்டது. அதற்குரிய எழுத்துருவை நிறுவிக்கொண்டால், 1/320 என்று மாற்றி எழுதாமல் முந்திரியை முந்திரியாகவே பதியலாம். இதற்கு வேகமான செயலி எதுவும் வேண்டியதில்லை.

கருவியின் உண்மையான குறை அதன் சிறிய உருவத்தில் இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும்தான். ஆகவே இது நுழையும்போதே நிலை தலையில் இடிக்கும் வீடு. புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இடமில்லை என்று நின்றுகொண்டிருந்ததால், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு மாறிக்கொண்டேன். உலாவியில் நாலைந்து பக்கங்களுக்கு மேல் திறந்தால் இப்போதும் திணறும். ஏட்டின் படங்களை மெமரி கார்டில் வைக்கிறேன். "ரேமைப் பிறகு கூட்டிக்கலாம் சார்" என்று நினைவகத்தைப் பற்றிக் கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். என்னிடமும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் இத்தகைய கருவிகள் பெரும்பாலானவற்றில் நினைவகமும் சேமிப்பகமும் உள்ளிருக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை.

இந்த விலைக்குப் பழைய திங்க்பேட் எக்ஸ்270 மடிக்கணினி வாங்கலாமே என்று யாராவது கேட்பார்கள். நல்ல கருவிதான், விசைப்பலகை இதைவிட எவ்வளவோ மேல், நினைவகத்தையும் மாற்றலாம். ஆனால் அதன் செயலிகள் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை, பழைய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வாங்கியவர் தலையெழுத்து. லினக்ஸ் பழகியவர், பிளக் பாயின்ட் உள்ள இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்றால் தாராளமாக அதை வாங்கட்டும்.

புதிதாகத்தான் வாங்குவீர்கள் என்றால், என் கணினியையே தேடாதீர்கள். 2023இல் வந்த இன்டெல் என்100 செயலிக்கு நான்கு கருக்கள் (கணக்குப் போடும் பகுதிகள்). வெப்ப அளவு அதே 6 வாட். அதில் 8 ஜிபி நினைவகமும், கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி சேமிப்பகமும் உள்ள மாதிரி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். டைப்-சி வழியே மின்னேறுமா என்பதைக் கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.