சோபாவில் இருக்கிற மூன்றாவது ஆள்

கேள்வி: நானும் மச்சானும் பல வருடங்களாகச் சனிக்கிழமை இரவுகளில் ஒன்றாக இருந்துதான் ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் ஆட்டம் பார்ப்போம். டிஃபென்ஸில் (தடுப்பாட்டத்தில்) நிற்கிற இருபது வயதுப் பொடியன் ஒருவனைப் பற்றி எங்களுக்குள் பெரிய தகராறு. இடைவேளையில் ரீவியில் கதைக்கிற விமர்சகர்கள் சொல்வதுதான் மச்சானுக்கு வேதவாக்கு. "இவன் தேறமாட்டான், இன்றைக்கே வித்துத் தள்ளவேணும்" என்கிறார். பொறுங்கோ என்கிறேன் நான். போன மாதம் வாய்த்தர்க்கம் முற்றி எழும்பிப் போனவர் இன்னும் வரவில்லை. என் மகனுக்குப் பதினான்கு வயது, அவனும் டிஃபென்ஸ்தான். கொஞ்ச நாளாகப் பக் (ஹொக்கி வட்டு) தன்னிடம் வந்தவுடனே மைதானத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் அடித்து வெளியே அனுப்பிவிடுகிறான். கேட்டால், "பிழை விடாமல் விளையாடுறன் அப்பா" என்கிறான். எங்களில் யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: உங்கள் கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. எனக்கு நெஞ்சில் தைத்தது அதற்கு முந்திய வரி. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் மச்சானோடு உள்ள வழக்கு.

2008இல் ஒட்டாவாவில் நடந்த, தேசிய ஹொக்கி லீக் (NHL) அணிகள் இளம் ஆட்டக்காரரை வரிசையாக எடுக்கும் வீரர் தெரிவை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் இடம் தொடங்கி ஐந்தாம் இடம் வரை அடுத்தடுத்து நான்கு பேரும் டிஃபென்ஸ்: டௌட்டி, பொகோசியன், பியற்ராஞ்சலோ, ஷென். பதினைந்தாவதாக எரிக் கார்ல்சன். ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே வயது. டௌட்டி பதினெட்டு வயதிலேயே லொஸ் ஏஞ்சலஸ் அணியில் இறங்கி அங்கேயே வேரூன்றி, 2012இலும் 2014இலும் லீக்கின் சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார். பியற்ராஞ்சலோவை அவருடைய அணி இரண்டு பருவங்கள் பத்துக்கும் குறைந்த ஆட்டங்களில் ஆடவிட்டு, இரண்டு முறையும் ஜூனியருக்கு, அதாவது இளையோர் லீக்குக்கு, திருப்பி அனுப்பியது. 2019இல் சென்ற் லூயிஸ் தன் முதல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவர் அவர்தான். கார்ல்சன் சுவீடனில் இன்னொரு வருடம் ஆடிவிட்டு வந்தார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொறிஸ் விருது அவருக்கு மூன்று முறை கிடைத்திருக்கிறது.

லூக் ஷென்னைத்தான் நம் லீஃப்ஸ் எடுத்தது. கனேடிய ஜூனியர் லீக்கில் ஆடும் பொடியனை இருபது வயதுக்கு முன், பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள அமெரிக்க ஹொக்கி லீக்கில் விட்டுப் பழக்க அன்றைய விதி இடம் தரவில்லை. ஒன்று பெரிய லீக், இல்லையென்றால் திரும்பவும் ஜூனியர். நடுவில் படி கிடையாது. லீஃப்ஸ் அவரைப் பதினெட்டு வயதிலேயே இறக்கியது. முதல் வருடமே சிறந்த புதுமுகங்களின் அணியில் இடம்பிடித்தார். அதன் பிறகு தடுமாற்றம். 2012இல், இருபத்திரண்டு வயதில், அவரைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு ஜேம்ஸ் வான் றீம்ஸ்டைக்கை வாங்கினார்கள். அவருடைய கதை முடிந்தது என்றுதான் நானும் அன்று நினைத்தேன். 2020இலும் 2021இலும் தம்பா பேயோடு அவர் கிண்ணத்தைத் தூக்கினார். 2023இல் முப்பத்துமூன்று வயதில் லீஃப்ஸுக்குத் திரும்பி வந்து இன்னொரு டிஃபென்ஸ் ஆட்டக்காரரான மோர்கன் றைலிக்குப் பக்கத்தில் நின்றார். 2004க்குப் பிறகு லீஃப்ஸ் ஒரு பிளேஓஃப் (கிண்ணத்துக்கான இறுதிக்கட்டப் போட்டிகள்) சுற்றை முதன்முதலாக வென்றது அந்த வருடம்தான்.

ஆகவே மச்சான் சொல்வதுபோல இருபது வயதில் ஒருவனுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் உங்கள் "பொறுங்கோ"வும் முழுப் பதில் இல்லை. பொறுத்திருந்தால் மட்டும் போதாது, எங்கே, யாருக்குப் பக்கத்தில், எத்தனை நிமிடம் ஆடவிடுகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். உலையில் அரிசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு அரிசி சரியில்லை என்கிற விமர்சகரைத்தான் நான் நம்புவதில்லை.

எல்லா விமர்சகரும் ஒன்றல்ல. படத்தை நிறுத்தி, "இங்கே பாருங்கள், எதிராளிக்கும் இவனுக்கும் இடைவெளி கூடிவிட்டது, குதிகால் திரும்பிவிட்டது" என்று காட்டுபவரிடம் படிக்க நிறைய இருக்கிறது. அவரை மச்சானோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். "இவனுக்குத் துணிவில்லை, குணம் போதாது" என்பவரிடம் படிக்க ஒன்றுமில்லை. ஃபோர்வர்ட் (முன்னால் நின்று தாக்குபவன்) பக்கைத் தவறவிட்டால் பின்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். டிஃபென்ஸ் பொடியன் தவறவிட்டால் பின்னால் பெரும்பாலும் கோல் காப்பாளர் மட்டும்தான். அந்தப் பிழை வலைக்குள் போய் முடியும், மூன்று முறை திருப்பியும் காட்டுவார்கள். மூலைக்குள் பக்கை எடுக்கப் போகுமுன் இரண்டு தோளுக்கும் மேலால் திரும்பிப் பார்த்து, அடி வாங்காமல் சரியான ஆளுக்குக் கொடுத்த இருபது தடவைகளை எவரும் திருப்பிக் காட்டுவதில்லை.

இனி உங்கள் மகன். நீங்களும் மச்சானும் மோதிய அத்தனை இரவும் அவன் அந்தச் சோபாவில்தான் இருந்திருப்பான். பக்கோடு முன்னேறி ஒரு பிழை விட்ட இருபது வயதுக்காரனைப் பெரியவர்கள் என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்டிருப்பான். கண்ணாடியில் அடிப்பவனை யாரும் ஏசுவதில்லை, அதையும் கவனித்திருப்பான். அதைத்தான் இப்போது ஐஸில் செய்கிறான். அக்காவின் மகனுக்காகக் காலை ஆறு மணிக்கு அரீனா படிக்கட்டில் குளிரில் விறைத்துக்கொண்டு இருந்த நாட்களில், இதே மாதிரிப் பொடியன்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை, பயம்தான். எதிராளி மேலே பாய்ந்து நிற்கும்போது கண்ணாடியில் அடிப்பது நல்ல ஆட்டம்தான், அதைக் குறை சொல்லாதீர்கள். இடம் கிடைத்திருக்கும்போதும் அடிக்கிறான் என்றால்தான் கவலை.

அவனோடு தனியாகக் காரில் போகும்போது சொல்லுங்கள்: "நாங்கள் அந்தப் பொடியனைக் கதைச்ச விதம் பிழை." அவ்வளவு போதும், விளக்கம் வேண்டாம். அடுத்த ஆட்டம் முடிந்து வரும்போது கோல் கணக்கைக் கேட்காமல், எத்தனை தடவை தலையைத் தூக்கிப் பார்த்துப் பக்கைக் கொடுத்தாய் என்று கேளுங்கள். அதில் இரண்டு வெட்டுப்பட்டுப் போனாலும் பரவாயில்லை என்று பயிற்சியாளர் வாயாலேயே அவனுக்குச் சொல்லவையுங்கள், அவரிடம் நீங்கள் போய்க் கேட்டால் சொல்வார்.

மச்சானுக்கு இன்றைக்கே ஃபோன் எடுங்கள். யார் சரி என்ற கதையே வேண்டாம். சனிக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். இடைவேளை வந்ததும் ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த இருபது வயதுப் பொடியன் ஏன் அந்த இடத்தில் நின்றான் என்று மகனிடம் கேளுங்கள். நீங்கள் இரண்டு பேரும் வாய் திறவாமல், அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.