ஆண் அந்துப்பூச்சி பெண் பூச்சியின் வாசனையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடித்தோட்டத்துக் கத்திரிச் செடிகளுக்கு மேலே ஓர் இனக்கவர்ச்சிப் பொறி தொங்குகிறது. காலையில் போய்ப் பார்த்தால், அடியிலிருக்கும் சோப்புத் தண்ணீரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளைப் பூச்சிகள் மிதக்கும், இறக்கையில் காவித் திட்டுகளோடு. எல்லாம் ஆண்கள். மேலே இருக்கும், பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய சின்ன ரப்பர் துண்டைப் பெண் என்று நம்பி வந்து ஏமாந்தவை. நான் மூக்கில் ஒட்டி வைத்துப் பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை.

இந்த விஷயத்தில் அதிகம் ஆராயப்பட்டது பட்டுப்பூச்சி. 1959இல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனாண்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து, ஆணை இழுக்கும் அந்த வாசனைப் பொருளைச் சில மில்லிகிராம் மட்டும் பிரித்தெடுத்து, அதற்கு 'பாம்பிகால்' என்று பெயர் வைத்தார்கள். ஆணின் உணர்கொம்பு சீப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் இதற்கென்றே சுமார் 17,000 நுண்மயிர்கள். மயிரின் துளை வழியே நுழையும் மூலக்கூறை உள்ளேயிருக்கும் ஒரு புரதம் ஏற்றிக்கொண்டு போய் நரம்பு செல்லிடம் சேர்க்கும். ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலே அந்த செல் துடித்துவிடும். ஒரு துடிப்பை நம்பி பூச்சி கிளம்பாது என்பது வேறு விஷயம்; பல மயிர்களிலிருந்து ஒரே நேரத்தில் சேதி வர வேண்டும். சேதி போய்ச் சேரும் இடம் மூளையில் ஆணுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற ஒரு நரம்பு முடிச்சு.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். வாசனை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பூச்சி போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை வாசல் காற்றில் பட்டதும் இழை இழையாகக் கிழிந்து போகும் பாருங்கள், பெண்ணின் வாசனையும் அப்படித்தான் விட்டுவிட்டு வரும். ஓர் இழை கொம்பில் பட்டால் பூச்சி காற்றை எதிர்த்து முன்னே பாயும். இழை தவறினால் இடமும் வலமுமாக அலைந்து தேடும். இடைவெளியே இல்லாமல் ஒரே சீரான வாசனைக்குள் விட்டால் அதற்கு வழி பிடிபடாது. அதனால்தான் பழைய மூலக்கூறுகளை உடனுக்குடன் சிதைக்க மயிருக்குள்ளேயே நொதிகள் வேறு இருக்கின்றன.

முதலில் பொறியைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால், காற்றே வராத மூலையில் மாட்டியிருந்தேன். ஒன்றிரண்டுதான் விழுந்தன. கடற்காற்று வரும் பக்கமாக மாற்றிய பிறகு நன்றாக விழுகின்றன. ஆனாலும் நேற்று அம்மா நறுக்கிய காயில் புழு இருந்தது. ஏற்கெனவே இணை சேர்ந்துவிட்ட பெண் எங்கிருந்தாவது பறந்து வந்து முட்டையிட்டால், பொறி அதை ஒன்றும் செய்யாது.