பாம்பன் தீவிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வர முடியுமா?

ராமநாதபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு ராமேஸ்வரம் பக்கம், தினமும் போய் வருகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நான் தீவில் பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரி. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். போவதற்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர், வருவதற்கும் அதே தூரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பாதைதான். எங்கள் பஸ்ஸில் பள்ளி ஆசிரியர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் உண்டு.

முதலில் வீட்டில் ஒரு நாள்காட்டி மாட்டுங்கள், அமாவாசை போட்ட நாள்காட்டி. இந்தப் பாதையில் கூட்டம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றும் ஊருக்கே தெரிந்தவை. மற்ற மாதத்து அமாவாசைக்கும் கூட்டம் குறையாது. புதிதாக வருகிறவர்கள் அமாவாசை அன்று காலையை நினைத்துப் பயப்படுவார்கள். அன்று காலை நாம் வெளியே போகிற திசையில் பஸ் காலியாகத்தான் இருக்கும். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி முடித்துக்கொண்டு பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் கோயிலுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்குவார்கள். உண்மையில் சிரமம் முந்தின நாள் மாலை. மதுரையிலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றும் ராமநாதபுரத்துக்கு வரும்போதே படிக்கட்டு வரை நிறைந்திருக்கும். அந்த ஒரு மாலைக்கு நான் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவைத்து, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுகிறேன். சாதாரண நாளிலும் மாலையில் மதுரை பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். ராமநாதபுரத்திலிருந்தே புறப்படும் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பதினைந்து நிமிடம் போகும், ஆனால் உட்கார இடம் கிடைக்கும். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த காலுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பெரிய விஷயமே இல்லை.

அடுத்தது பாலம். விடுமுறை நாட்களில் சுற்றுலா வருகிறவர்கள் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, ரயில் பாலத்தையும் கடலையும் படம் எடுப்பார்கள். அழகான இடம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பாலத்தில் இரண்டு வண்டி போகத்தான் இடம். ஓரமாக ஒரு கார் நின்றால் பின்னால் பஸ், அதன் பின்னால் ஆம்புலன்ஸ். தீவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேறு சாலை கிடையாது என்பது காரை நிறுத்துகிறவருக்குத் தெரிய வேண்டும். இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து பாலத்தில் நிறுத்தாதீர்கள்.

பைக்கில் போகலாமா என்று யோசித்தால், ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் வேண்டவே வேண்டாம். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். சாலைப் பாலத்தில் பைக் ஓட்டுகிறவருக்கு அப்படி ஒரு சிக்னல் இல்லை. அவரே முடிவெடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. நாம் காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்புகிறோம், இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான் விழும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துப் பள்ளிகளுக்கு பைக்கில் வரும் ஆசிரியர்களுக்கு இரண்டு வேளையும் சூரியன் கண்ணுக்கு நேரே.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா படிக்கிற காலத்தில் தீவை விட்டு வெளியே போக ரயில் ஒன்றுதான் வழி. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ல்தான் திறந்தார்கள். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றபோது, ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் முடிந்துவிட்டன. அதில் வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் பஸ்ஸில் ஏறியது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் அப்படித்தான். இப்போது ரயில் ஓடுகிறது. குலுங்காத பயணம், கழிப்பறை உண்டு, சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் குறைவு. ஆனால் ரயில்களின் நேரம் கோயிலுக்கு வருகிறவர்களுக்குத்தான் பொருந்துகிறது. ஒன்பதரை மணி வேலைக்குப் போகிறவர்களுக்காக, பாம்பன், மண்டபம், உச்சிப்புளி எல்லாம் நின்று போகிற ஒரு காலை ரயிலும் ஒரு மாலை ரயிலும் வேண்டும். இதைக் கேட்கிற மனு எதுவாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

கழிப்பறை என்றதும் இன்னொன்று. வழியில் போக இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் நிறையப் பேர். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்துச் சீட்டோடு என் மேசைக்கு வருகிறவர்களில் பலரை எனக்குப் பஸ்ஸில் பார்த்துப் பழக்கம். நம் ஊர் வெயிலுக்கு இது கிட்னியைக் கெடுக்கும் பழக்கம். பஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நன்றாகக் குடியுங்கள், கிளம்பும்போது கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், வேலை இடத்தில் இறங்கியதும் மறுபடி குடியுங்கள். வெட்கப்பட்டு அடக்கி வைக்காதீர்கள்.

டிக்கெட்டையும் கணக்கில் வையுங்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். தொலைதூர பஸ்ஸில் முழுக் கட்டணம்.

மற்றபடி பஸ்ஸுக்குள் நேரம் போவதே தெரியாது. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கே இங்கிருந்துதான் நாற்று போகிறது. அதனால் நாற்றுக் கட்டோடு ஏறுகிறவர்கள், உட்கார்ந்ததும் பூக் கட்டத் தொடங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. திங்கள், புதன், சனியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும். மறுநாள் காலை பஸ்ஸில் மீன் கூடைகள் ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும் கூடைகள் குறையும். வேறு கூலி வேலை தேடி டவுனுக்குப் போகிற ஆண்கள் கூடுவார்கள். மீன் வாடை என்று மூக்கைப் பொத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த அக்காக்களும் நம்மைப் போல வேலைக்குத்தான் போகிறார்கள்.

தினமும் வருகிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ராமேஸ்வரத்தில் முதலில் ஏறுகிறவர் பஸ் கிளம்பியதையும் இடம் இருக்கிறதா என்பதையும் எழுதுவார். பாலத்தில் வண்டிகள் நின்றால் அங்கிருந்தே செய்தி வரும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனையாம் எண் என்பதும் அதில் வந்துவிடும். பிரசவ மாதத்தில் நான் வேலைக்குப் போன நாட்களில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் இவர்கள்தான்.

உங்கள் வேலை இரவு எட்டு மணிக்குள் முடிகிறது என்றால் வீட்டை மாற்ற வேண்டாம். அதற்கு மேல் போகும் என்றால் ராமநாதபுரத்திலேயே அறை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் பஸ்ஸுக்கு இடையே இடைவெளி அதிகம், தங்கச்சிமடத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரமும் இருக்கிறது. காலை பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கைகளில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் யாரையாவது கேளுங்கள், குழுவில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள்.