சரியான டிஸ்கைப் போட்டும் 'சரியான டிஸ்கைப் போடு' என்கிறதே! பழைய கார் ரேஸ் ஆட்டங்கள்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நீட் ஃபார் ஸ்பீடு வரிசையின் பழைய ஆட்டங்களைப் பற்றியவை. விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து டிஸ்குகளை இன்றைய கணினியில் ஓட்ட முயலும்போது வரும் பிழைச் செய்திகளுக்கு மட்டும் இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: மோஸ்ட் வாண்டட் (2005) ஆட்டத்தைத் திறந்தால், 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்கிறது. அந்தக் கோப்பை மட்டும் ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32 கோப்புறையில் போட்டேன். அப்போதும் அதே செய்திதான். ஆட்டத்தின் கோப்புறையிலேயே போட்டேன். இப்போது '0எக்ஸ்சி000007பி' என்று புதிய பிழை வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: டிஎல்எல் என்பது ஒரு நிரல் ஓடும்போது பயன்படுத்திக்கொள்ளும் துணைக் கோப்பு. முதலில் நீங்கள் போட்ட அந்தக் கோப்பை இரண்டு இடங்களிலிருந்தும் அழித்துவிடுங்கள். புதிய பிழைக்குக் காரணம் அதுதான்.

மோஸ்ட் வாண்டட் ஒரு 32 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருக்கின்றன. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் பலரும் இங்கே தடுமாறுகிறார்கள். 32 பிட் ஆட்டம் சிஸ்டம்32-இல் தேடினாலும் விண்டோஸ் அதைச் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடும். அதனால்தான் முதல் முயற்சியில் எந்த மாற்றமும் இல்லை. ஆட்டத்தின் கோப்புறையில் போட்டதும் கோப்பு கண்ணில் பட்டது. ஆனால் அது 64 பிட் கோப்பாக இருந்திருக்கிறது. 32 பிட் நிரல் 64 பிட் டிஎல்எல்லை ஏற்ற முயன்றால் வரும் எண்தான் 0எக்ஸ்சி000007பி.

ஆட்டங்களின் படத்தையும் ஒலியையும் கையாளும் விண்டோஸ் பகுதிதான் டைரக்ட்எக்ஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, பிறகு ஏன் பழைய கோப்பைக் கேட்கிறது என்று தோன்றலாம். டி3டிஎக்ஸ்9 என்பது டைரக்ட்எக்ஸின் மையப்பகுதி அல்ல, ஆட்டத்தை உருவாக்குபவர்களுக்கான துணை நூலகம். 2005 தொடக்கம் முதல் 2010 ஜூன் வரை மைக்ரோசாஃப்ட் இதை 24 முதல் 43 வரை எண்ணிட்டுத் தனித்தனிக் கோப்புகளாக வெளியிட்டது. ஓர் ஆட்டம் எந்த எண்ணை வைத்து உருவாக்கப்பட்டதோ, அதே எண்ணைத்தான் கேட்கும். 43 இருக்கிறது என்பதற்காக 26 கேட்கும் ஆட்டம் சமாதானம் ஆகாது. இந்தக் கோப்புகள் எதுவும் விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை.

தீர்வு: மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம்ஸ், ஜூன் 2010' தொகுப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 96 எம்பி இருக்கும். அதை இயக்கியதும் எங்கே பிரித்து வைக்க வேண்டும் என்று கேட்கும். சி டிரைவில் முன்கூட்டியே ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கி அதைக் காட்டுங்கள். டெஸ்க்டாப்பைக் காட்டிவிட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கோப்புகள் அங்கே சிதறிவிடும். பிரித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் 'டிஎக்ஸ்செட்அப்' நிரலை இயக்கினால்தான் நிறுவல் நடக்கும். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் உரிய கோப்புகளை அதுவே உரிய இடங்களில் வைக்கும். உங்கள் டைரக்ட்எக்ஸ் 12-ஐ இது தொடவே தொடாது. முடிந்ததும் பிரித்த கோப்புறையை நீக்கிவிடலாம்.

டிஎல்எல் கோப்புகளை ஒற்றை ஒற்றையாகத் தரும் தளங்களை இனி நாடாதீர்கள். எந்தப் பதிப்பு, எத்தனை பிட், உள்ளே வேறு என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்கு அங்கே எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: அசல் டிஸ்க் வைத்திருக்கிறேன். கீறல் இல்லை. விண்டோஸ் 10-இல் மோஸ்ட் வாண்டட் நன்றாக இன்ஸ்டால் ஆனது. ஆனால் ஐகானைச் சொடுக்கினால் ஒன்றுமே நடப்பதில்லை. அண்ணன் வீட்டு விண்டோஸ் 7 கணினியிலோ 'சரியான சிடி-ராமைச் செருகவும்' என்று வருகிறது. டிஸ்க் டிரைவுக்குள்தான் இருக்கிறது!

பதில்: டிஸ்கிலும் டிரைவிலும் குறை தேட வேண்டாம். இரண்டு கணினிகளிலும் தடுப்பது ஒன்றே: சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு.

மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க், டிஸ்கின் சில பகுதிகளில் வேண்டுமென்றே படிக்க முடியாத செக்டர்களை வைக்கும். சாதாரண நகலெடுப்பில் அவை அப்படியே வராது. ஆட்டம் தொடங்கும்போது அந்த இடங்களைச் சோதித்து, அசலா நகலா என்று முடிவு செய்யும். இந்தச் சோதனைக்கு விண்டோஸின் கருவிலேயே (கெர்னல்) இயங்கும் ஒரு டிரைவர், அதாவது வன்பொருளோடு பேசும் துணை நிரல், வேண்டும். அதன் பெயர் செக்டிரைவ், ஆங்கிலத்தில் எஸ், இ, சி, டி, ஆர், வி என்ற ஆறு எழுத்துகள். எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்டே இதை விண்டோஸோடு சேர்த்துத் தந்தது. கருவில் இயங்கும் நிரலில் ஓட்டை இருந்தால் கணினி முழுவதும் திறந்துவிடும். 2007-இல் இந்த டிரைவரில் அப்படிப்பட்ட ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் திருத்தம் வந்தது. 2015-இல் வெளியான விண்டோஸ் 10-இல் டிரைவரையே சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கேபி3086255 என்ற பாதுகாப்பு அப்டேட் மூலம் விஸ்டா, 7, 8, 8.1 ஆகியவற்றிலும் அதை முடக்கினார்கள். சோதனை நடக்க வழியில்லை என்றால் ஆட்டத்தின் கணக்கில் டிஸ்க் இல்லை. சில கணினிகளில் செய்தியாவது வரும், விண்டோஸ் 10-இல் பெரும்பாலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

விண்டோஸ் 7-க்கு வழி எளிது. டிரைவர் அழிக்கப்படவில்லை, முடக்கித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் இதை உள்ளிடுங்கள்: எஸ்சி கான்ஃபிக் செக்டிரைவ் ஸ்டார்ட்= டிமாண்ட். சமக்குறிக்கு முன் இடைவெளி கூடாது, பின்னால் ஓர் இடைவெளி கட்டாயம். இந்த இடைவெளியை விட்டுவிட்டால் கட்டளை வேலை செய்யாது. அடுத்து எஸ்சி ஸ்டார்ட் செக்டிரைவ். இப்போது ஆட்டத்தைத் திறக்கலாம். ஆடி முடித்ததும் இரண்டாவது கட்டளையில் 'ஸ்டார்ட்' இருந்த இடத்தில் 'ஸ்டாப்' போட்டு நிறுத்துங்கள். முதல் கட்டளையில் 'டிமாண்ட்' என்பதற்குப் பதில் 'டிஸேபிள்ட்' என்று போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆடாத நேரத்தில் அது திறந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

விண்டோஸ் 10, 11-க்கு எக்ஸ்பியிலிருந்து அந்த டிரைவர் கோப்பை எடுத்து வந்து ஒட்டவைக்கும் முறையைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். அதற்கு டிரைவர் கையொப்பச் சோதனையைத் தளர்த்த வேண்டும். ஓர் ஆட்டத்துக்காக முழுக் கணினியின் காவலையும் தளர்த்துவது சரியல்ல, செய்யாதீர்கள். டிஸ்க் சோதனையைத் தாண்டிச் செல்ல இணையத்தில் கிடைக்கும் 'நோ-சிடி' கோப்புகளும் வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, வைரஸ் பரவும் பழைய பாதை அது. பதிப்பு பொருந்தாவிட்டால் புதுப் பிழைகளும் வந்து சேரும்.

இவற்றைவிட நல்ல வழி, சேஃப்டிஸ்க்ஷிம் என்ற இலவசத் திறமூல நிரல். சேஃப்டிஸ்க் அந்த டிரைவரிடம் கேட்கும் கேள்விகளுக்குக் கருவைத் தொடாமலே பதில் கொடுத்துவிடுகிறது. அசல் டிஸ்க் டிரைவில் இருக்க வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது. இதுவும் ஒத்துவராவிட்டால், இணைய இணைப்பு இல்லாத ஒரு பழைய எக்ஸ்பி கணினியை இந்த ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

எக்ஸ்பியிலேயே 'சரியான டிஸ்கைச் செருகவும்' என்று வந்தால்தான் டிஸ்கைச் சந்தேகிக்க வேண்டும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், அதைச் சரிசெய்து படிப்பது டிரைவுக்குக் கடினம்.

கேள்வி: அண்டர்கிரவுண்ட் 2 சில நாள் நன்றாக ஓடுகிறது, சில நாள் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கிறது. எட்டு கோர் உள்ள புதுக் கணினி. கணினி போதவில்லையா?

பதில்: கணினி தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆட்டம் வந்தது 2004-இல். கோர் என்பது செயலிக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. வீட்டுக் கணினிகளுக்கு இரண்டு கோர் செயலிகள் வந்ததே 2005-இல்தான். அன்று ஆட்டத்தின் உள் வேலைகள் ஒரே கோரில் மாறி மாறி நடந்தன. இன்று அவை உண்மையிலேயே ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று முடிந்த பிறகே மற்றது என்று எழுதப்பட்ட இடங்களில் வரிசை குலைந்து, ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிடும். நேரத்தைப் பொறுத்த கோளாறு என்பதால்தான் ஒரு நாள் ஓடி மறுநாள் நிற்கிறது.

ஆட்டத்தை ஒரே கோரில் கட்டிவையுங்கள். ஆட்டம் ஓடும்போது ஆல்ட்-டேப் அழுத்தி வெளியே வந்து, டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் தாவலைத் திறந்து, ஸ்பீட்2 என்ற நிரலின் மேல் வலது சொடுக்கி, 'செட் அஃபினிட்டி'யில் சிபியு 0 தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்குங்கள். பலன் தெரிகிறதா என்று பார்க்க இது போதும், ஆனால் ஆட்டத்தை மூடியதும் இந்த அமைப்பு போய்விடும். நிரந்தரமாக வேண்டுமானால் டெஸ்க்டாப்பில் புதிய ஷார்ட்கட் உருவாக்கி, இட முகவரியில் ஆங்கிலத்தில் இப்படிக் கொடுங்கள்: சிஎம்டி /சி ஸ்டார்ட் "" /டி "ஆட்டத்தின் கோப்புறை முகவரி" /அஃபினிட்டி 1 ஸ்பீட்2.இஎக்ஸ்இ. ஸ்டார்ட்டுக்குப் பின் வரும் வெற்று மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லையென்றால், மேற்கோளுக்குள் வரும் முதல் சொற்றொடரைச் சன்னலின் தலைப்பாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளக்கூடும். '1' என்பது முதல் கோரை மட்டும் குறிக்கும்.

இதைச் செய்யும் முன் 1.2 பேட்ச் (பிழைகளைத் திருத்தும் தொகுப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இந்த ஆட்டத்துக்கு வந்த கடைசிப் பேட்ச் அது. மோஸ்ட் வாண்டட் என்றால் 1.3.

கேள்வி: மோஸ்ட் வாண்டட்டில் சேவ் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆட வேண்டியிருக்கிறது.

பதில்: அது டாக்குமெண்ட்ஸ் கோப்புறைக்குள் 'என்எஃப்எஸ் மோஸ்ட் வாண்டட்' என்ற இடத்தில் எழுதும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் கீழே 'ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்' என்று இருக்கும். அங்கே 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்கிக்கொண்டிருந்தால், அறிமுகமில்லாத நிரல்கள் டாக்குமெண்ட்ஸில் எழுத முடியாது. அதை அணைக்க வேண்டாம். அனுமதிக்கும் நிரல்களின் பட்டியலில் ஸ்பீட் என்ற ஆட்ட நிரலைச் சேருங்கள். அண்டர்கிரவுண்ட் 2 வேறிடத்தில் எழுதும்: உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல். மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால் விண்டோஸை மாற்றி நிறுவும்போது பலரும் அதை நகலெடுக்க மறந்து, சேர்த்த கார்களை இழக்கிறார்கள். முன்பே எடுத்துவையுங்கள்.

கேள்வி: நீட் ஃபார் ஸ்பீடு 2 எஸ்இ (1997) டிஸ்க் கிடைத்தது. செட்அப்பைத் திறந்தால் 'இந்த நிரல் உங்கள் கணினியில் இயங்காது' என்கிறது. நண்பர் கோப்புகளை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தார். அதில் 'கிளைட்2எக்ஸ் டிஎல்எல் இல்லை' என்கிறது.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். அந்தக் காலத்தில் ஆட்டம் 32 பிட்டாக இருந்தாலும், அதை நிறுவும் செட்அப் நிரல் 16 பிட்டாக இருப்பது வழக்கம். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை இயக்காது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஓடிவிடிஎம் என்ற திறமூல நிரலை நிறுவினால் பல 16 பிட் செட்அப்புகள் இயங்கும்.

கிளைட் என்பது 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டைகளுக்கான மொழி. இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு அது தெரியாது. இந்த ஆட்டத்தில் இரண்டு நிரல்கள் உண்டு. பெயரின் கடைசி எழுத்து 'ஏ' என்று முடிவது வூடூ அட்டைக்கானது, 'என்' என்று முடிவது அட்டை இல்லாமல் ஓடுவது. நண்பர் முதலாவதைத் திறந்திருக்கிறார். 'என்' நிரலைத் திறந்து திருப்திப்பட வேண்டாம், படம் மங்கலாக இருக்கும். என்கிளைட் என்ற இலவச நிரலை நிறுவுங்கள். கிளைட் கட்டளைகளை அது டைரக்ட்எக்ஸுக்கு மொழிபெயர்த்துத் தரும். அதன் அமைப்புச் சன்னலில் உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'ஏ' நிரலைத் திறங்கள். 1997-இல் வூடூ அட்டை வைத்திருந்தவர்களைவிடத் தெளிவான படம் வரும்.

கேள்வி: டிரைவில் 499 ஜிபி காலியாக இருக்கிறது. பழைய ஆட்டத்தின் செட்அப், 'போதிய இடமில்லை' என்கிறது!

பதில்: செட்அப் காலியிடத்தை 32 பிட் எண்ணில் கணக்கிடுகிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் அடங்காது, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பல செட்அப்புகளில் பாதிக்கு மேல், அதாவது 2 ஜிபியைத் தாண்டினால், எண் மைனஸாகத் தெரியும். 499-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. செட்அப் கண்ணுக்கு உங்கள் டிரைவில் மைனஸ் 1 ஜிபி. ஏறக்குறைய 2 ஜிபி அளவுள்ள ஏதேனும் ஒரு வீடியோ கோப்பை அதே டிரைவில் நகலெடுத்துப் போடுங்கள். காலியிடம் 497 ஆகும், மீதி 1 ஜிபி, செட்அப் நகரும். நிறுவி முடித்ததும் வீடியோவை அழித்துவிடலாம். மீதி 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே கணக்கு.

கேள்வி: 'டைரக்ட்ப்ளே வேண்டும்' என்று கேட்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம். பழைய ஆட்டங்களின் நெட்வொர்க் வசதிக்கானது. தானாக வராவிட்டால், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் லெகசி காம்போனெண்ட்ஸ் என்பதன் கீழ் டைரக்ட்ப்ளேயை டிக் செய்யுங்கள்.

கேள்வி: டர்ட் 2 (2009) ஆட்டத்தில் 'எக்ஸ்லைவ் டிஎல்எல் இல்லை' என்று வருகிறது. இதுவும் டைரக்ட்எக்ஸ் சிக்கலா?

பதில்: இல்லை, ஜூன் 2010 தொகுப்பு இதற்கு உதவாது. எக்ஸ்லைவ் என்பது 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சேவையின் கோப்பு. அந்தச் சேவையின் விற்பனைக் கடை 2013 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனாலும் ஆட்டம் அதன் நிரலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த நிரலின் செட்அப்பை நிறுவுங்கள். கடைசியில் இணைப்புப் பிழை காட்டினாலும் பெரும்பாலும் எக்ஸ்லைவ் கோப்பு அதற்குள் வந்துவிட்டிருக்கும், ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்ததும் ஹோம் விசையை அழுத்தி, புதிய ப்ரொஃபைல் உருவாக்கும் பகுதியில் கீழே இறங்கினால் 'லோக்கல் ப்ரொஃபைல்' என்ற வழி இருக்கும். இணையக் கணக்கு இல்லாமல் அதை உருவாக்கிக்கொள்ளலாம். எந்த ப்ரொஃபைலும் இல்லாமல் ஆடினால் ஆட்டம் சேவ் ஆகாது.